சுடுநீரை எத்தனை பாகையில் வைப்பது? ஹீட் பம்ப் கேள்வி பதில்

மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் ஏசி, குளிர்சாதனப் பெட்டி திருத்துவதுதான் என் தொழில். ஹீட் பம்ப் சுடுநீர் இயந்திரங்கள் இங்கு வரத் தொடங்கிய பிறகு, என்னிடம் வரும் கேள்விகளில் பாதி வெப்பநிலையைப் பற்றியவை. சேர்ந்திருந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கல்லடியிலிருந்து ஓர் ஆசிரியை: வீட்டில் நான்கு பேர். 150 லீற்றர் இயந்திரத்தை எப்போதும் 60 பாகையில் வைத்திருக்கிறோம். மின்சாரம் மிச்சம் என்றார்கள், பில் குறையவில்லையே?

ரீச்சர், உங்கள் இயந்திரம் சூட்டை உண்டாக்குவதில்லை. வெளிக்காற்றில் இருக்கும் சூட்டை இழுத்துத் தண்ணீருக்குள் தள்ளுகிறது. கிணற்றுத் தண்ணீரை மேல்தாங்கிக்கு ஏற்றுவது போலத்தான். உயரம் கூடக் கூட மோட்டார் படும் பாடும் கூடும். 28 பாகையில் வரும் 150 லீற்றரை 50க்கு ஏற்ற ஏறத்தாழ 3.8 யூனிட் வெப்பம் வேண்டும். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்றரை மடங்கு வெப்பம் தரும் இயந்திரம் என்றால் 1.1 யூனிட் மின்சாரத்தில் வேலை முடிந்துவிடும். 60க்கு ஏற்ற 5.6 யூனிட் வெப்பம் வேண்டும். அந்தச் சூட்டில் அதே இயந்திரம் இரண்டே முக்கால் மடங்கு தருகிறது என்று வைத்துக்கொண்டால் 2 யூனிட் மின்சாரம் போகும். அவ்வளவு செலவழித்துச் சூடாக்கிவிட்டு, குழாயடியில் பச்சைத்தண்ணீர் கலந்து 40க்கு இறக்கித்தானே குளிக்கிறோம்?

இன்னொன்றையும் பாருங்கள். பெரும்பாலான இயந்திரங்களில் தாங்கிக்குள் ஒரு மின்சூடாக்கியும் இருக்கும். 'ஓட்டோ' நிலையில் விட்டால், தண்ணீர் சற்று ஆறியதும் அது முந்திக்கொள்ளும். அது ஒரு யூனிட்டுக்கு ஒரு யூனிட் வெப்பம் மட்டுமே தரும். குளிர்நாடுகளில் பனிக்காலத்துக்கு அது தேவை. நம் ஊரில் மார்கழி மழையில்கூட ஹீட் பம்புக்குப் போதுமான சூடு காற்றில் இருக்கிறது. ஹீட் பம்ப் மட்டும் ஓடும் 'எக்கோ' நிலையில் 50 பாகையில் வையுங்கள். தண்ணீர் எத்தனை பாகை ஆறினால் மீண்டும் சூடாக்கத் தொடங்கும் என்ற இடைவெளி 2 பாகையாக இருந்தால் 6 ஆக்குங்கள். கை கழுவும் ஒவ்வொரு முறையும் கொம்பிரசர் எழும்ப வேண்டியதில்லை.

காத்தான்குடியிலிருந்து: மகள் பிள்ளைப்பேற்றுக்கு வந்திருக்கிறாள். 50 பாகையில் கிருமி வளரும் என்கிறார்கள், 60 பாகை என்றால் பிள்ளை சுட்டுக்கொள்ளுமே என்று பயமாக இருக்கிறது.

இரண்டு பயமும் நியாயமானவை. தண்ணீர்த் துளிகளோடு மூச்சில் போய் நிமோனியாவை உண்டாக்கும் லெஜியோனெல்லா என்னும் பக்டீரியா 20 முதல் 45 பாகை வரையான தண்ணீரில் பெருகும். 50இல் பெருகாது, ஆனால் சாவதற்கு மணிக்கணக்காகும். 60இல் சில நிமிடங்களில் செத்துவிடும். அதே 60 பாகைத் தண்ணீர் பெரியவர்களின் தோலையே ஐந்து விநாடி அளவில் ஆழமாகச் சுட்டுவிடும். குழந்தையின் தோல் அதையும் தாங்காது. எனவே கைக்குழந்தையோ நோயாளியோ வீட்டில் இருக்கும் காலத்தில் தாங்கியை 60இல் வைத்து, வெளியே போகும் குழாயில், பச்சைத்தண்ணீரைத் தானாகவே கலந்துவிடும் கலப்பு வால்வு பூட்டி 45க்கு மேல் வராமல் செய்யுங்கள். வால்வு பூட்டும்வரை, முதலில் பச்சைத்தண்ணீர், பிறகு சுடுதண்ணீர், கடைசியில் உங்கள் முழங்கை. இந்த வரிசையை யாரும் மாற்ற வேண்டாம்.

மற்ற வீடுகளில் நாளாந்தம் 50, கிழமையில் ஒரு நாள் 60க்கு ஏற்றி அரை மணி நேரமாவது நிறுத்தி வைப்பது போதும். சில இயந்திரங்களில் மின்சூடாக்கி தாங்கியின் நடுவில் இருக்கும். அப்போது மேல்பாதி 60 ஆனாலும் அடித்தண்ணீர் ஆறியே கிடக்கும். வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

அக்கரைப்பற்றிலிருந்து: டைமரை விடிய நான்கு மணிக்கு வைத்திருக்கிறேன். சரியா?

மத்தியானம் பதினொன்றுக்கு மாற்றுங்கள் தம்பி. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் நண்பகல் காற்று 33, 34 பாகை இருக்கும். சூடான காற்றிலிருந்து சூட்டை எடுப்பது இயந்திரத்துக்கு இலகு. கூரையில் சோலார் இருந்தால் அந்த மின்சாரமும் அப்போதுதான் வருகிறது. நல்ல காப்பு உள்ள தாங்கி மறுநாள் காலைவரை சில பாகைகள் மட்டுமே இறங்கும். நேரத்துக்கு நேரம் விலை மாறும் நேரவாரி மின்கட்டணத்தில் இருப்பவர்கள், மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை இயந்திரம் ஓடாமல் கட்டாயம் பூட்டிவையுங்கள்.

பாசிக்குடாவில் விருந்தினர் விடுதி நடத்துபவர்: காலை ஏழரைக்கே சுடுதண்ணீர் முடிந்துவிடுகிறது. 65 ஆக்கியும் பயனில்லை.

சேர், நீங்கள் சொன்ன விடுதியைப் போலவே ஒன்றில் ஒரு காலை முழுவதும் நின்று பார்த்தேன். தாங்கியின் மேற்புறத்தைத் தொட்டால் சூடு, அடிப்புறம் சூடு, எல்லாம் ஒரே மாதிரி வெதுவெதுப்பு. அப்படி இருக்கக்கூடாது. சூடு தண்ணீர் மேலே மிதக்க வேண்டும், பச்சைத்தண்ணீர் அடியில் படுக்க வேண்டும். அங்கே சுடுதண்ணீரை அறைகள்வரை சுற்றிவிட்டுத் தாங்கிக்கே திருப்பிக் கொண்டுவரும் சுற்றோட்ட மோட்டார் இருபத்துநான்கு மணி நேரமும் ஓடி, மோரைக் கடைவது போல் தாங்கியைக் கலக்கிக்கொண்டிருந்தது. அதை டைமரில் வைத்த நேரங்களில், திரும்பிவரும் குழாய் ஆறினால் மட்டும் ஓட வைத்தோம். மேலே ஒன்று, கீழே மூன்றிலொரு பங்கு உயரத்தில் ஒன்று என இரண்டு சென்சர் வைத்தோம். கீழ்ச் சென்சர் ஆறியதும் இயந்திரம் தொடங்கிவிடும். மேல் சென்சர் இன்னும் எவ்வளவு மிச்சம் என்று சொல்லும். 65இலிருந்து 60க்கு இறக்கிய பிறகும் ஒன்பது மணிவரை தண்ணீர் நின்றது.

களுவாஞ்சிக்குடியிலிருந்து: திரையில் 41 என்று காட்டுகிறது, குழாயில் கொதிக்கிறது!

உடனே நிறுத்துங்கள். சென்சர் தன் குழியிலிருந்து கழன்றிருக்கலாம். நான் திறந்த ஓர் இயந்திரத்தில் அது காப்புப் பஞ்சுக்குள் தொங்கிக்கொண்டு பஞ்சின் சூட்டை அளந்துகொண்டிருந்தது. 50 வரவில்லை என்று கொம்பிரசர் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. சூட்டைக் கடத்தும் வெப்பக் களிம்பு பூசி, குழியின் அடிவரை தள்ளி, கவ்வி போட்டால் சரி. உப்புக் காற்றில் இணைப்புமுனை பச்சை பிடித்தாலும் அளவு பிழைக்கும், அதையும் பாருங்கள்.

கல்முனையிலிருந்து: கரண்ட் போய் வந்தால் உடனே ஓடுவதில்லை. பழுதா?

இல்லை. கொம்பிரசரைக் காக்க ஏறத்தாழ மூன்று நிமிடம் தானாகவே காத்திருக்கும்.

அறுகம்பேயிலிருந்து: ஒக்டோபரில் சீசன் முடிந்து விடுதியைப் பூட்டுகிறோம். ஏப்ரல்வரை குறைந்த சூட்டில் விட்டு வைக்கலாமா?

வேண்டாம். 35, 40 பாகையில் மாதக்கணக்கில் தேங்கும் தண்ணீர்தான் நான் மேலே சொன்ன பக்டீரியாவுக்கு மிகவும் பிடித்த இடம். முழுவதும் நிறுத்தி, தாங்கியை வடித்துவிடுங்கள். தாங்கி துருப்பிடிக்காமல் இருக்கத் தான் கரைந்து காக்கும் மக்னீசியம் கம்பியைக் கழற்றிப் பாருங்கள். கிணற்று நீர் உப்பாக இருந்தால் அது விரைவில் கரைந்து பென்சில் அளவுக்கு மெலிந்திருக்கும், மாற்றுங்கள். ஏப்ரலில் நிரப்பியதும் 60க்கு ஏற்றி ஒரு மணி நேரம் வைத்து, ஒவ்வோர் அறையிலும் யன்னலைத் திறந்துவிட்டு, ஆவி முகத்தில் படாமல் தள்ளி நின்று, குழாய்களைச் சில நிமிடங்கள் ஓட விடுங்கள். அதன் பிறகு முதல் விருந்தாளிக்குச் சாவியைக் கொடுக்கலாம்.