60,000 ரூபாயில் கடைக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று

காவேரிப்பட்டணத்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்:

ஐயா, பஸ் ஸ்டாண்டு பக்கம் சின்னதாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆன்லைன் விண்ணப்பம் போடுவது, தமிழ் டைப்பிங், பட்டா சிட்டா பிரிண்ட் எடுப்பது, இதுதான் வேலை. கடை கம்ப்யூட்டர் வாங்கி 10 வருஷம் ஆகிறது, ஆன் ஆவதற்கே அஞ்சு நிமிஷம் ஆகிறது, அதற்குள் ஆட்கள் வரிசையில் நின்றுவிடுகிறார்கள். மகளுக்கு பர்கூர் அரசு பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைத்திருக்கிறது, அவளுக்கு லேப்டாப் வேண்டும். கையில் இருப்பது 60,000 ரூபாய். ஆளுக்கு 30,000 என்று பிரித்துக்கொள்ளலாமா? தெரிந்தவர் ஒருவர், பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் ஐ5 லேப்டாப் 15,000-க்கே கிடைக்கும் என்கிறார்.

பதில்: பாதிக்குப் பாதி பிரிக்க வேண்டாம்மா. மகளுக்கு 40,000-ஐ ஒட்டி ஒதுக்குங்கள், கடைக்கு 20,000-க்குள் அடக்கப் பாருங்கள். டெஸ்க்டாப்பில் எந்தப் பாகம் போனாலும் கழற்றி மாற்றிவிடலாம், இந்த வருஷம் டிஸ்க், அடுத்த வருஷம் ரேம் என்று காசு வரும்போது ஏற்றிக்கொண்டே போகலாம். லேப்டாப் அப்படி இல்லை. வாங்குகிற அன்று உள்ளே என்ன இருக்கிறதோ, ஏறக்குறைய அதோடுதான் நாலு வருஷப் படிப்பையும் ஓட்ட வேண்டும். அங்கே கஞ்சத்தனம் பண்ணினால் மூன்றாம் வருஷம் புராஜெக்ட் நேரத்தில் மறுபடி ஒன்று வாங்க வேண்டி வரும்.

கடை கம்ப்யூட்டரில் ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக ஒரு எஸ்எஸ்டி மட்டும் மாட்டினாலே அது பறக்கும், அதில் சந்தேகமே இல்லை. ஹார்டு டிஸ்க்கில் ஒரு முள் ஓடி ஓடித் தேட வேண்டும், எஸ்எஸ்டியில் ஓடுகிற பாகம் எதுவும் கிடையாது. ஆனால் உங்களுக்கு நான் அதைச் சொல்லப்போவதில்லை. 10 வருஷத்து மெஷினுக்கு விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது, இன்டெல் சிப்பில் 8-வது தலைமுறையும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் கேட்கும். விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது, வீட்டு உபயோகத்துக்குக் கொடுத்த ஒரு வருஷப் பாதுகாப்பு நீட்டிப்பும் 2026 அக்டோபர் வரைதான். வீட்டில் பாட்டுக் கேட்கிற கம்ப்யூட்டர் என்றால் நானும் கண்டுகொள்ள மாட்டேன். உங்கள் கடையில் ஊர்க்காரர்களின் ஆதார் நம்பர், பாஸ்புக் ஸ்கேன், ஓடிபி எல்லாம் அந்த ஒரே பெட்டி வழியாகத்தான் போகிறது. நம்பிக் கொடுக்கிறவர்களின் காகிதம் அது. அதனால் பெட்டியை மாற்றிவிடுங்கள்.

புதுசு வேண்டாம். கம்பெனிகளில் ஓட்டிவிட்டுக் கழிக்கும் ஆபீஸ் டெஸ்க்டாப்புகள், டெல் ஆப்டிபிளக்ஸ், எச்பி புரோடெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் மாதிரியானவை, ரீஃபர்பிஷ்டு என்று கிடைக்கின்றன. அதில் ஐ5-8500 போட்டது ஒன்று பாருங்கள், 2018-ல் வந்த சிப், உள்ளே வேலை பார்க்கும் கோர் 6, உங்கள் வேலைக்குத் தாராளம். 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி போதும். மானிட்டர், கீபோர்டு, மவுஸ் எல்லாம் இருப்பதையே வைத்துக்கொள்ளுங்கள், வெறும் சிபியு மட்டும் வாங்கினால் பெரிய மிச்சம். ஒன்று மட்டும் கவனியுங்கள்: உங்கள் பழைய மானிட்டரில் நீலக் கலர் விஜிஏ கேபிள்தான் இருக்கும், இந்தப் பெட்டிகளில் பல டிஸ்பிளேபோர்ட்டோடு வரும், கடையிலேயே கன்வர்ட்டரையும் கேட்டு வாங்கி மாட்டிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். தமிழ் டைப்பிங்குக்கு விண்டோஸ் 11-லேயே தமிழ்99 கீபோர்டு இருக்கிறது. விண்டோஸ் ஒழுங்காக ஆக்டிவேட் ஆகியிருக்கிறதா என்று செட்டிங்ஸில் அவர்கள் முன்னாலேயே திறந்து பாருங்கள்.

யுபிஎஸ் வாங்க இந்தக் காசிலேயே கொஞ்சம் எடுத்து வைத்துவிடுங்கள். தர்மபுரியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் பார்த்தேன், லேசர் பிரிண்டரையும் யுபிஎஸ் பின்னாலேயே சொருகியிருந்தார்கள். ஒவ்வொரு பிரிண்ட்டுக்கும் யுபிஎஸ் கீச் கீச்சென்று கத்துகிறது, நாலாவது தாளில் மொத்தமும் அணைந்தது, விண்ணப்பம் போட வந்த பையன் பாதி நிரப்பியது எல்லாம் போச்சு. லேசர் பிரிண்டருக்குள் மையை உருக்க ஒரு ஹீட்டர் இருக்கிறது, அது சூடேறும்போது இழுக்கிற கரண்டைச் சின்ன யுபிஎஸ் தாங்காது. சிபியு, மானிட்டர், இன்டர்நெட் மோடம் மூன்றையும் யுபிஎஸ்ஸில் போடுங்கள், பிரிண்டரை நேரே சுவர் பிளக்கில் போடுங்கள்.

இப்போது லேப்டாப். அந்த 15,000 ரூபாய் ஐ5-ஐ மறந்துவிடுங்கள். ஐ5 என்ற ஸ்டிக்கரை வைத்து எதுவும் சொல்ல முடியாது, அதற்குப் பின்னால் வரும் நம்பர்தான் விஷயம். ஐ5-6200யு என்றால் 6-வது தலைமுறை, 2015-ல் வந்தது, உள்ளே 2 கோர்தான். ஐ3-1215யு என்றால் 12-வது தலைமுறை, 6 கோர். பெயரில் சின்னதாக இருக்கும் ஐ3, அந்த ஐ5-ஐ எங்கேயோ தாண்டிப் போய்விடும். ஏஎம்டி என்ற இன்னொரு கம்பெனியின் சிப்பிலும் இந்தச் சிக்கல் உண்டு. ரைசன் 7000 வரிசை லேப்டாப் சிப்புகளில் மூன்றாவது எண்ணைப் பாருங்கள்: 7320யு-வில் அது 2, அதாவது உள்ளே இருப்பது பழைய ஜென் 2 வடிவமைப்பு, 7530யு-வில் 3. வெளியே இரண்டும் 7000 என்றுதான் போட்டிருக்கும்.

ரேம்தான் மகளுக்கு உயிர். போன் ஆப் எழுதுகிற ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ திறந்து, பக்கத்தில் பிரவுசரில் பத்து டேப் வைத்தால் 8 ஜிபி திணறும். 16 ஜிபி உங்கள் காசுக்குள் கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள், ஏனென்றால் 2025 கடைசியிலிருந்து ரேம் விலை ஏறிக்கிடக்கிறது, அப்புறம் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம் என்ற பழைய கணக்கு இப்போது சரிப்படாது. கிடைக்காவிட்டால் 8 ஜிபி, ஆனால் ஒரு ஸ்லாட் காலியாக இருக்க வேண்டும். மெல்லிசான லேப்டாப்புகள் பலவற்றில் ரேமை போர்டிலேயே பற்றவைத்துவிடுகிறார்கள், கூட்டவே முடியாது, கடைக்காரர் தானாகச் சொல்ல மாட்டார், நீங்கள்தான் கேட்க வேண்டும். டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்தால் எத்தனை ஸ்லாட், எத்தனை நிரம்பியிருக்கிறது என்று காட்டும், ஆனால் பற்றவைத்ததையும் சில மெஷின்கள் ஸ்லாட் என்றே காட்டும் என்பதால் மாடல் நம்பரை வைத்துக் கம்பெனி தளத்திலும் சரிபாருங்கள். ஸ்டோரேஜ் 512 ஜிபி எஸ்எஸ்டி, இஎம்எம்சி என்று போட்டிருந்தால் வேண்டாம், அது வேகம் குறைந்த ஸ்டோரேஜ். திரை ஃபுல் எச்டி. கிராபிக்ஸ் கார்டுக்குக் காசு போட வேண்டியதில்லை.

இன்னொன்று. கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு லேப்டாப் அல்லது டேப் தருவதாகத் தமிழக அரசு 2025-26 பட்ஜெட்டில் அறிவித்தது. உங்கள் மகளின் வகுப்புக்கு அது வருமா, எப்போது வரும் என்று கல்லூரி ஆபீசிலும் சீனியர் பிள்ளைகளிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாங்குங்கள். முதல் செமஸ்டர் பாடத்துக்குக் கல்லூரி லேபே போதும், ஒரு மாதம் பொறுப்பதால் படிப்பு கெட்டுவிடாது.

எஸ்.பி. ரோடு போகக் கூடாது என்று சொல்லவில்லை, விலை அங்கே குறைவுதான். மூன்று வருஷம் முன்பு நானும் அங்கே ஒரு கடையில் பில் இல்லாமல் ஒரு டெஸ்க்டாப் எடுத்து வந்தேன். நாலாவது வாரம் பவர் சப்ளை போய்விட்டது. கிருஷ்ணகிரியிலிருந்து இரண்டு முறை தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன், இரண்டு முறையும் நாளைக்கு வாங்க என்றார்கள், மிச்சம் பிடித்தது எல்லாம் அதிலேயே கரைந்தது. ஜிஎஸ்டி பில், அதில் சீரியல் நம்பர், எத்தனை மாத வாரண்டி என்று எழுத்தில், இந்த மூன்றும் தராத கடையில் வாங்காதீர்கள். உள்ளூரில் ஆயிரம் ரெண்டாயிரம் கூடச் சொன்னால் உங்களுக்கு அது நஷ்டமில்லை, ஒரு நாள் கடையைச் சாத்தினால் போகிற காசு அது.

பாலக்கோட்டிலிருந்து ஒரு வாசகர்:

2013-ல் பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த லேப்டாப் பரணில் கிடக்கிறது. அண்ணன் பையன் ஆறாவது படிக்கிறான், அவனுக்கு ஆகுமா, இல்லை பழைய இரும்புக்குப் போட்டுவிடலாமா?

பதில்: போட வேண்டாம். முதலில் பேட்டரியைக் கழற்றிப் பாருங்கள், உப்பியிருந்தால் மறுபடி மாட்டவே கூடாது, அந்த மாடல்கள் பேட்டரி இல்லாமல் அடாப்டரிலேயே ஓடும். உள்ளே பெரும்பாலும் 2 ஜிபி ரேம் இருக்கும், டிடிஆர்3 வகைப் பழைய ரேம் ஸ்டிக் ஒன்று தேடி 4 ஜிபி ஆக்குங்கள், ஹார்டு டிஸ்க் இருந்த இடத்தில் ஒரு சின்ன சாட்டா எஸ்எஸ்டி. அப்புறம் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ போடுங்கள், இலவசம். உங்களுக்குக் கொடுத்தபோதே விண்டோஸோடு பாஸ் என்ற இந்திய லினக்ஸும் அதில் இருந்திருக்கும், அப்போது திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டீர்கள். தமிழ் டைப்பிங், படம் வரைவது, பிள்ளைகள் புரோகிராம் பழகுகிற ஸ்கிராட்ச்சில் சின்னச் சின்ன விளையாட்டு செய்வது, இவ்வளவுக்கும் போதும். ஆறாவது படிக்கிற பையன் பயப்படாமல் கழற்றி மாட்டிப் பழக அதைவிட நல்ல மெஷின் கிடைக்காது.

அரூரிலிருந்து ஒருவர்:

ஆன்லைன் தள்ளுபடியில் வாங்குவதா, கடையிலா?

பதில்: ஆன்லைன் விலையைப் போனில் எடுத்து வைத்துக்கொண்டு கடையில் காட்டிக் கேளுங்கள், பல சமயம் இறங்கி வருவார்கள். எங்கே வாங்கினாலும் அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டர் தர்மபுரியில் இருக்கிறதா, இல்லை ஒவ்வொரு தடவையும் சேலம் தூக்கிக்கொண்டு போக வேண்டுமா, வீட்டுக்கே ஆள் வருகிற ஆன்சைட் வாரண்டியா என்று முதலில் பாருங்கள். ஆன்லைன் என்றால் பெட்டியின் டேப்பைக் கிழிப்பதிலிருந்து ஆன் செய்வது வரை நிறுத்தாமல் வீடியோ எடுங்கள், பில்லில் இருக்கும் சீரியல் நம்பரும் லேப்டாப் அடியில் இருப்பதும் ஒன்றுதானா என்பதும் அதில் தெரிய வேண்டும்.