டீசலுக்கு வரி போட்டால் கார்பன் குறையுமா?

கேள்வி: காசிமேட்டில் மீன் ஏற்றும் டீசல் குட்டி யானை வைத்திருக்கிறேன். ஒரு நாளைக்கு 60 கிலோமீட்டர் ஓடும்; லிட்டருக்கு 15 கொடுக்கிறது. எரிபொருளுக்கு வரி போட்டால் கார்பன் குறையும் என்கிறார்கள். எனக்குச் செலவுதானே கூடும்? 20 கொடுக்கும் வண்டிக்கு மாறிவிடலாமா? – தண்டையார்பேட்டை வாசகர்

பதில்: புகைச் சான்றிதழ் எடுக்கும் இடத்தில் டீசல் வண்டிக்குப் பார்ப்பது கரும்புகையை. பிஎஸ்-6 என்ற மாசு விதிப்படி வந்த வண்டியின் வடிகட்டி பிடிப்பதும் அதைத்தான். நீங்கள் கேட்கும் கார்பன், அதாவது கார்பன் டை ஆக்சைடு, கண்ணுக்குத் தெரியாது, எந்த வடிகட்டியிலும் சிக்காது. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ வெளியேறும். லிட்டர் டீசலின் எடையே ஒரு கிலோ வராதே என்பீர்கள். டீசலில் உள்ள கரி, காற்றிலிருக்கும் ஆக்சிஜனை இழுத்துச் சேர்த்துக்கொண்டு கனத்துவிடுகிறது. ஆக, எரிகிற லிட்டரைக் குறைத்தால்தான் உண்டு.

அதற்கு அரசிடம் இருக்கும் ஒரு வழி, வண்டி செய்கிறவரைப் பிடிப்பது. 2017-18 முதல் கார் கம்பெனிகளுக்கு இப்படி ஒரு வரம்பு இருக்கிறது. விற்கும் கார்கள் வெளியிடும் கார்பன் டை ஆக்சைடின் சராசரி கிலோமீட்டருக்கு 130 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்று தொடங்கி, 2022-23இல் அதை 113 ஆக இறுக்கினார்கள். சராசரி என்பதால், கனத்த கார் விற்கிற கம்பெனி மின்சாரக் காரையும் விற்று ஈடுகட்டிக்கொள்ளலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது புதிதாக விற்கும் பயணிகள் கார்களுக்கானது. ஏற்கெனவே ஓடுகிற உங்கள் குட்டி யானையை அது தொடாது.

வரி அப்படியில்லை, பங்க்கில் நிற்கும் எல்லா வண்டியையும் அன்றைக்கே தொடும். நீங்கள் ஒரு நாளைக்கு 4 லிட்டர் போடுகிறீர்கள். லிட்டருக்கு 2 ரூபாய் ஏறினால் 8 ரூபாய். அதற்காக மீனை ஏற்றாமல் விடப்போவதில்லை. வேறு வழி இருக்கிறவர்தான் மாறுவார். விம்கோ நகர் வரை மெட்ரோ வந்த பிறகு, திருவொற்றியூரிலிருந்து பைக்கில் ஆபீஸ் போகிறவர் யோசிப்பார்; ஐஸ் பெட்டியோடு நீங்கள் மெட்ரோ ஏற முடியாது. வாங்கும் வரியை மாற்று வழிகளுக்குச் செலவிடாவிட்டால் அது வெறும் வசூல்தான் என்பது என் கருத்து.

அதற்காக வரியே வேண்டாம் என்றும் சொல்ல மாட்டேன். மைலேஜ் கூடியதும் 'செலவு கம்மிதானே' என்று இன்னும் நாலு சவாரி போவது மனித இயல்பு. அதற்குக் கடிவாளம் விலைதான்.

சரி, உங்கள் வண்டிக்கு வருவோம். 15 என்பது 20 ஆனால் 4 லிட்டர் 3 ஆகும். ஒரு நாளைக்கு 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு மிச்சம். அதே 60 கிலோமீட்டருக்கு, 50 கொடுக்கும் பைக் 60க்கு மாறினால் மிச்சம் 200 மில்லிதான். குறைந்த மைலேஜ் வண்டியைத் திருத்துவதில்தான் பலன் அதிகம்.

பணக்கணக்கு வேறு. டீசல் 92 ரூபாய் என்று வைத்தால் மாதம் 25 நாளுக்கு 2,300 ரூபாய் மிச்சமாகும். புது வண்டியின் தவணைக்கு அது காணாது. பழையதை விற்றாலும் வேறொருவர் கையில் அது ஓடத்தான் போகிறது. எஞ்சின் வேலைக்குப் பெரிய செலவு வரும்போது மாறுங்கள். அதுவரை வாரம் ஒருமுறை டயர் காற்றைப் பாருங்கள். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் மாட்டினால் எஞ்சினை அணைத்துவிடுங்கள்; நின்றபடி ஓடும் எஞ்சினுக்கு மைலேஜ் பூஜ்யம்.