சிக்னலில் நிற்கும்போது பிரேக் பெடல் தானாகக் கீழே இறங்குகிறதா?

பிரேக் பேட் மாற்றினால் இது சரியாகாது. திருவான்மியூர் சிக்னலில் காலை அழுத்தி வைத்திருக்கும்போதே பெடல் மெல்ல இறங்குகிறது, பிரேக் ஆயில் அளவும் குறையவில்லை என்கிறீர்கள். பெரும்பாலும் மாஸ்டர் சிலிண்டருக்குள் (பெடலை மிதித்ததும் ஆயிலை அழுத்தித் தள்ளும் பகுதி) இருக்கும் ரப்பர் சீல் தேய்ந்திருக்கும். ஆயில் வெளியே ஒழுகாமல் உள்ளுக்குள்ளேயே கசிந்து திரும்புகிறது. அதனால்தான் தரையில் ஒரு சொட்டுகூட இல்லை.

வீட்டு வாசலில், சமதளத்தில், கியரை நியூட்ரலில் போட்டு இதைப் பாருங்கள்:

1. இன்ஜினை அணைத்து, பெடல் கல் மாதிரி இறுகும்வரை நாலைந்து முறை மிதியுங்கள்.
2. காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் லேசாகத் தணியும். மிதிக்கும் பலத்தைக் கூட்டித் தரும் பூஸ்டர் வேலை செய்வதால் வருவது, பயம் வேண்டாம்.
3. அதே அழுத்தத்தில் அரை நிமிடம் வைத்திருங்கள். அப்புறமும் இறங்கிக்கொண்டே போனால் கோளாறு உறுதி.

பெடல் பஞ்சு மாதிரி இருந்து, பம்ப் செய்ததும் இறுகினால் அது வேறு: ஆயில் லைனில் காற்று.

ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) வால்வு கசிந்தாலும் இதே அறிகுறிதான். சிலிண்டர் வாங்குமுன் மெக்கானிக்கிடம் அழுத்தமானி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஆயில் எப்போது மாற்றினீர்கள்? அது ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகை பிரேக் ஆயிலின் கொதிநிலை புதிதில் குறைந்தது 230 டிகிரி, ஈரமேறினால் 155 வரை இறங்கலாம். நம் ஊர் ஈரக் காற்றைச் சொல்லவே வேண்டாம்.

மூன்றாவது படியில் பெடல் இறங்கினால் ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிப் போகாதீர்கள், ரெக்கவரி வண்டியில் ஏற்றுங்கள். ஈசிஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை) பயணம் இருந்தால் அதைத் தள்ளிப்போடுங்கள்.