மூடி வைத்த டிரம்மில் கொசுப்புழு வந்தது எப்படி?

கேள்வி: கிணற்றுத் தண்ணீர் உப்பு என்பதால், ஐப்பசி, கார்த்திகை மழையை 200 லிட்டர் டிரம்கள் மூன்றில் பிடித்து மல்லிகைக்கும் முருங்கைக்கும் ஊற்றுகிறோம். மூடித்தான் வைத்திருக்கிறோம். ஆனாலும் புழு நெளிகிறது. – வாசகி, தேவிபட்டினம்

பதில்: மூடியின் மேல்பக்கத்தை முதலில் பாருங்கள். விளிம்பு உயர்ந்த மூடியில் விரற்கடை அளவுக்கு மழைநீர் தேங்கும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அதுவே போதும். மூடியைச் சாய்வாக வையுங்கள், அல்லது கவிழ்த்துப் போடுங்கள். அடுத்து, மழைநீர் இறங்கும் குழாய்க்காக வெட்டிய ஓட்டையும் நிறைந்து வழியும் குழாயின் வாயும். பெரும்பாலான வீடுகளில் கொசு நுழைவது இந்த வழிகளில்தான்.

இரண்டுக்கும் நைலான் கொசுவலை கட்டுங்கள். கண் 1.2 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. இரும்புக் கம்பி வலை வேண்டாம். உப்புக் காற்றில் துருப்பிடித்து சீக்கிரமே ஓட்டை விழும். பழைய சைக்கிள் டியூபை இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டி இழுத்துக் கட்டினால் விளிம்பில் இடைவெளி இருக்காது. சணல் தளர்ந்துவிடும். வலை தொய்ந்து தண்ணீரைத் தொட்டால் அதன் மேலேயே உட்கார்ந்து முட்டையிடும். நீர்மட்டத்துக்கும் வலைக்கும் நான்கு விரல் இடைவெளியாவது விடுங்கள்.

இன்னொரு சிக்கல். பெருமழையில் இலை, தழை அடைத்துத் தண்ணீர் வெளியே கொட்டும். உடனே வலையைக் கழற்றுவார்கள், மறுபடி கட்ட மறந்துவிடுவார்கள். கண் பெரிய பிளாஸ்டிக் கூடை ஒன்றைக் கொசுவலைக்கு மேலே வைத்துவிட்டால் குப்பை அதிலேயே தங்கிவிடும். கூரையோரத் தகரத்தையும் சரிபாருங்கள்; பள்ளம் விழுந்த இடத்தில் நீர் நின்றால் அங்கேயும் புழு வளரும்.

இப்போது இருக்கும் தண்ணீரைச் செடிகளுக்கு ஊற்றிவிடுங்கள், காய்ந்த மண்ணில் புழு செத்துப்போகும். சாக்கடையில் கொட்டாதீர்கள். காலியான டிரம்மை அப்படியே விடுவதுதான் பெரிய தவறு. ஏடிஸ் முட்டை நீரில் மிதப்பதில்லை, நீர்க்கோட்டுக்குச் சற்று மேலே உட்சுவரில் ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் பல மாதங்கள் உயிரோடிருந்து, அடுத்த மழையில் நனைந்ததும் பொரியும். தேங்காய் நார் கொண்டு உட்சுவரை அழுத்தித் தேய்த்து, கழுவிய நீரையும் மண்ணிலேயே ஊற்றுங்கள்.

வெயில் காலத்தில் முட்டையிலிருந்து கொசுவாக ஏழெட்டு நாள் போதும். ஆகவே வாரம் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு பாருங்கள். மூடியைத் திறந்ததும் புழுக்கள் அடிக்கு ஓடிவிடும். இரண்டு நிமிடம் அசையாமல் நின்றால் மூச்சு விட மேலே வரும்.

கேள்வி: மண்ணெண்ணெய், வேப்பெண்ணெய், உப்பு, இதில் எதைப் போடலாம்? – வாசகர், தொண்டி

பதில்: மூன்றும் வேண்டாம். மண்ணெண்ணெய் செடியின் வேரைக் கெடுக்கும். வேப்பெண்ணெயைக் கடற்காற்று ஒரு ஓரமாக ஒதுக்கிவிடும், மறுபக்கம் புழு நிம்மதியாக மூச்சு விடும். உப்பு போட்டால் எந்தத் தண்ணீரைத் தவிர்க்க மழைநீர் பிடித்தீர்களோ, அதுவே கையில் மிஞ்சும். மேலும், லேசான உப்புநீரிலும் ஏடிஸ் வளர்வது இலங்கைக் கரையோரங்களில் கண்டறியப்பட்டிருக்கிறது.

கேள்வி: திறந்த சிமென்ட் தொட்டி. மூட வழியில்லை. – வாசகர், மண்டபம்

பதில்: கொசுப்புழுவைத் தின்னும் கப்பி மீன் விடுங்கள். நீர்ப்பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு ஐந்து முதல் பத்து போதும். வாங்கி வந்த பையைத் தொட்டி நீரில் இருபது நிமிடம் மிதக்கவிட்டுப் பிறகு திறந்துவிடுங்கள். புதுத் தொட்டியானால் இரண்டு மூன்று முறை நீர் நிரப்பி வடித்தபின் விடுங்கள்; சிமென்ட்டின் காரம் மீனைக் கொல்லும். சித்திரை வெயிலில் நீர் சுடும், பாதித் தொட்டிக்குப் பனையோலை நிழல் கொடுங்கள். வழியும் குழாய்க்கு வலை கட்டுங்கள். ஊருணிக்கும் கண்மாய்க்கும் இந்த மீன் போகக் கூடாது, அங்குள்ள நாட்டு மீன்களுக்குப் போட்டியாகிவிடும்.

மீன் வேண்டாம் என்றால் பிடிஐ என்ற பாக்டீரியா மருந்து. புழு அதைத் தின்றால் குடல் சிதைந்து சாகும். மீனுக்கும் தேனீக்கும் செடிக்கும் கேடில்லை. உறையில் எழுதியிருக்கும் அளவை நீர்ப்பரப்புக்குக் கணக்கிட்டுப் போடுங்கள். வெயில் அதன் வீரியத்தைக் குறைக்கும் என்பதால் மாலையில் போடுவது நல்லது. போட்ட மறுநாளும் காற்புள்ளி வடிவில் உருண்டு நெளிபவை தெரிந்தால் மருந்தில் குறை என்று நினைக்காதீர்கள். அவை கூட்டுப்புழுக்கள், எதையும் தின்னாததால் மருந்து ஏறாது, ஓரிரு நாளில் கொசுவாகிவிடும். அவற்றை டீ வடிகட்டியால் அள்ளி மண்ணில் போட்டுவிடுங்கள்.