விரல் நாண் தைத்த கையை எப்போது அசைக்கத் தொடங்கலாம்?

கத்தி வெட்டி, விரலை மடக்கும் தசைநாண் அறுந்து தையல் போட்ட பிறகு, புண் முழுதும் ஆறும்வரை கையை அசைக்காமல் வைத்திருப்பதுதானே பாதுகாப்பு என்று கேட்டிருக்கிறீர்கள். பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் நாண் ஒரு குறுகிய உறைக்குள் வழுக்கி ஓட வேண்டியது என்பதால், அசையாமல் கிடந்தால் தழும்புத் திசு அதை உறையோடு ஒட்டவைத்துவிடும், பிறகு விரல் மடங்காது. அதே சமயம் முதல் சில வாரங்களில் தையல் பலவீனமாக இருப்பதால், ஒரு குடம் தண்ணீரைத் தூக்கினாலே அது அறுந்துவிடக்கூடும்.

அன்றாட வேலைகளை மீண்டும் செய்யப் பழக்கும், ஆக்குபேஷனல் தெரபி எனப்படும் தொழில்வழிச் சிகிச்சை இவ்விரண்டு ஆபத்துகளுக்கும் நடுவேதான் நடக்கிறது. பெரும்பாலும் அறுவைக்குப் பின் 3 முதல் 5 நாள்களில், சிகிச்சையாளர் வெந்நீரில் இளக்கிய பிளாஸ்டிக் தகட்டை உங்கள் புறங்கையின் மேலேயே வைத்து, அதன் வடிவத்துக்கு வளைத்துச் சிம்பு கட்டுவார். அதற்குள் இருந்தபடியே, நல்ல கையால் விரலை மெல்ல மடக்கவும், சிம்பு தடுக்கும் அளவுவரை நீட்டவும் பழக்குவார். சிம்பு ஏறத்தாழ 6 வாரம் இரவும் பகலும் இருக்கும். அதன் பிறகு பொத்தான் போடுவதும் சோறு பிசைவதுமே பயிற்சியாகும். பாரம் தூக்குவது 12 வாரத்துக்குப் பின், மருத்துவர் சொன்னால் மட்டுமே. நான்காவது வாரத்தில் வலி குறைந்துவிட்டதே என்று சிம்பைக் கழற்றிவிடாதீர்கள். மடங்கிக்கொண்டிருந்த விரல் திடீரென மடங்காமல் போனால், அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள்.