"பொம்மை சாஃப்ட்வேர்" என்று சொல்லாதீர்கள்

அம்மா, மகளை அடுத்து என்ன படிக்க வைக்கலாம் என்று கேட்க நேற்று நீங்கள் வந்திருந்தபோது பேசியதெல்லாம் அவளுடைய பெரியப்பாதான். கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தால்தான் மரியாதை என்று நாலு தடவை சொன்னார். உங்கள் மகள் வாயே திறக்கவில்லை, தான் கம்ப்யூட்டரில் மெஷ்ஷாக, அதாவது சின்னச் சின்னத் துண்டுகளை வலைபோலக் கோத்த 3டி உருவமாக, செய்த ஒரு காதை மட்டும் செல்போனில் காட்டினாள். "ராத்திரியெல்லாம் இந்தப் பொம்மை சாஃப்ட்வேர்தான்" என்று நீங்கள் வருத்தப்பட்டீர்கள். எல்லாம் சரியாகிவிடும் என்று அனுப்பி வைத்தேன். அது தப்பு, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கோடிங் எழுதச் சொன்னால் முகம் சுருங்குகிற பிள்ளையை நாலு வருடம் அதிலேயே உட்கார வைக்காதீர்கள். பெரியப்பா ஃபீஸ் கட்டப் போவதில்லை, பரீட்சையும் எழுதப் போவதில்லை.

அந்தக் காதை நான் ஏன் அவ்வளவு நேரம் பார்த்தேன் தெரியுமா? மெஷ்ஷின் ஒவ்வொரு துண்டையும் முகம் என்பார்கள். ஒரு பெட்டிக்கு 6 முகம். ஒருமுறை மழமழப்பாக்கினால் ஒவ்வொரு முகமும் நாலாகப் பிரிந்து 24, அப்புறம் 96, 384 என்று நாலு மடங்காகப் போகும். கேட்முல், கிளார்க் இருவரும் 1978-இல் வெளியிட்ட முறை இது. புதிதாகப் பழகுகிறவர்கள் அவசரப்பட்டு மழமழப்பாக்கிவிட்டு, பிறகு ஆயிரம் முனைகளை ஒவ்வொன்றாக நகர்த்தி மல்லுக்கட்டுவார்கள். இவள் குறைந்த முகங்களிலேயே உருவத்தைப் பிடித்திருக்கிறாள், காதின் மடிப்பை ஒட்டியே விளிம்புகளை ஓட்டியிருக்கிறாள், கூர்மை வேண்டிய இடத்தில் மட்டும் விளிம்பு மழுங்காமல் இருக்க 'கிரீஸ்' (crease) கொடுத்திருக்கிறாள். யாரும் சொல்லிக் கொடுக்காமல் இது வருவது அபூர்வம்.

இந்தக் கைக்கு அனிமேஷனைத் தாண்டி ஒரு வேலை இருக்கிறது, யாரும் சொல்வதில்லை: ஸ்கேன் மெஷ்ஷைச் சுத்தம் செய்வது. காது கேட்கும் கருவியின் ஓடு, பல் கேப், செயற்கைக் காலின் குழி எல்லாம் இப்போது ஸ்கேன் எடுத்து, திருத்தி, 3டி பிரிண்ட் செய்யப்படுகின்றன. ஸ்கேனர் தருவது லட்சக்கணக்கான முக்கோணங்கள், அதில் ஓட்டை இருக்கும், சில முகங்கள் உள்பக்கம் திரும்பியிருக்கும். மெஷ் முழுசாக மூடியிருக்க வேண்டும், ஒவ்வொரு விளிம்பும் சரியாக 2 முகங்களுக்குப் பொதுவாக இருக்க வேண்டும், இல்லையென்றால் ஆட்டோகேட் என்ற வரைபட சாஃப்ட்வேர் அதை சாலிடாக, அதாவது உள்ளே நிறைந்த திடப்பொருளாக, மாற்றாது, பிரிண்டும் சொதப்பும். தானாக அடைக்கிற பட்டன் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, ஆனால் காற்றுக்காக வேண்டுமென்றே விட்ட துளையையும் சேர்த்து அடைத்துவிடும். காது கருவியின் ஓட்டுப் பகுதியை அதிகம் செதுக்கினால் கருவி தளர்ந்து விசிலடிக்கும், குறைவாகச் செதுக்கினால் காது வலிக்கும். எவ்வளவு என்பதைக் கண்தான் முடிவு செய்கிறது.

இதற்குப் பல் தொழில்நுட்பம், பயோமெடிக்கல், புராடக்ட் டிசைன் எதிலிருந்தும் போகலாம்.

பண விஷயத்தில் மட்டும் நான் சொல்வதை விட்டுக்கொடுக்கமாட்டேன். "வேலை உறுதி" என்று போர்டு மாட்டிய இடத்துக்குக் கடன் வாங்கிக் கட்டாதீர்கள், புதுக் கம்ப்யூட்டரும் இப்போது வேண்டாம். மெஷ் செய்யும் பிளெண்டர் சாஃப்ட்வேர் இலவசம், ஆட்டோகேடும் தகுதியுள்ள மாணவர்களுக்கு இலவசமாகக் கிடைக்கிறது. மூன்று மாதம் விடுங்கள். இலவசமாகக் கிடைக்கும் ஏதாவது ஒரு காது ஸ்கேனை எடுத்து அவளே சுத்தம் செய்யட்டும், பிறகு இன்னொன்று, பிறகு இன்னொன்று. அலுப்பான வேலைதான், மூன்றாவது காதிலும் எழுந்து ஓடாமல் உட்கார்ந்திருந்தால் மேலே பேசலாம்.

அடுத்த முறை பெரியப்பா வேண்டாம். அவளும், அந்தக் காதின் பிரிண்டும் வந்தால் போதும்.