பாடம் ஓடுகிறது, கை ஓடவில்லை

கேள்வி: கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு நர்சிங் பள்ளியில் மகப்பேறு பாடம் எடுக்கிறேன். பிரசவ நேர அவசரங்களைப் பற்றிக் கேட்டால் என் மாணவிகள் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கடகடவென்று ஒப்பிக்கிறார்கள். லேபர் வார்டில் நிஜமாக ஒன்று நடந்தால் சுவரோரம் ஒதுங்கிவிடுகிறார்கள். போன மாதம் ஒரு மாணவி, குழந்தை பெற்ற அம்மாவுக்குப் பேட் திரும்பத் திரும்ப நனைவதைப் பார்த்தும், சிஸ்டர் திட்டுவாரோ என்று பயந்து சொல்லாமல் இருந்துவிட்டாள். அந்த அம்மா பிழைத்துக்கொண்டார். இவளோ படிப்பையே விட்டுவிடுகிறேன் என்கிறாள். பயிற்சி பொம்மை இன்ஸ்பெக்‌ஷன் அன்றுதான் பீரோவை விட்டு வெளியே வரும். ஐசியூ போஸ்டிங் கேட்டு வாங்கினால் இதெல்லாம் சரியாகுமா?
– பெயர் வேண்டாம், கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: ஐசியூவுக்கு அப்புறம் வருகிறேன். முதலில் அந்தப் பெண்.

அவள் கண் சரியாக வேலை செய்திருக்கிறது. அந்த அறையில் ஆபத்தை முதலில் பார்த்தவளே அவள்தான். வாய் திறக்கத்தான் யாரும் பழக்கவில்லை. அவளைத் தனியாக உட்கார வைத்து, அன்று எத்தனை மணிக்கு என்ன பார்த்தாள், அப்போது பல்ஸ் என்ன, சிஸ்டர் எங்கே நின்றார் என்று நிதானமாகக் கேளுங்கள். "ஏன் சொல்லவில்லை?" என்று ஆரம்பித்துவிடாதீர்கள். மற்ற மாணவிகள் முன்னால் வைத்தும் கேட்காதீர்கள்.

"சிஸ்டர், கொஞ்சம் பாருங்களேன்" என்றால் லேபர் வார்டில் யாரும் திரும்ப மாட்டார்கள். நாள் முழுக்க எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். "சிஸ்டர், மூணாவது பெட் அம்மாவுக்கு ரத்தம் நிக்கல, பல்ஸ் 120, உடனே வாங்க." இதைத்தான் பழக்க வேண்டும். எந்தப் பெட், என்ன நடக்கிறது, ஓர் எண், என்ன வேண்டும். வகுப்பில் ஒவ்வொருத்தியும் எழுந்து நின்று, பக்கத்து அறைக்குக் கேட்கும் குரலில் சொல்லட்டும். முதல் நாள் சிரிப்பார்கள், கூச்சப்படுவார்கள். பரவாயில்லை. நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு "பொண்ணு சத்தமா பேசாதே" என்று சின்ன வயதிலிருந்தே சொல்லிச் சொல்லி வளர்த்திருக்கிறோம். அதைக் கழற்ற நாள் பிடிக்கும்.

பொம்மை பீரோவில் இருந்தால் இருக்கட்டும். பீட்ரூட்டை வேகவைத்த தண்ணீர், பழைய காட்டன் பாவாடை, நாலைந்து பேட், காய்கறி நிறுக்கும் சின்ன டிஜிட்டல் தராசு போதும். ஒரு பாவாடையில் 300 மில்லி, இன்னொன்றில் 500, தரையில் ஒரு லிட்டர் என்று அளந்து ஊற்றிவிட்டு, ஒவ்வொன்றும் எவ்வளவு என்று கேளுங்கள். பெரும்பாலும் குறைத்தே சொல்வார்கள். அனுபவம் உள்ள சிஸ்டர்களும் அப்படித்தான். பிறகு நிறுத்துக் காட்டுங்கள். நனைந்த துணியின் எடையில் காய்ந்த துணியின் எடையைக் கழித்தால், ஒரு கிராமுக்கு ஏறக்குறைய ஒரு மில்லி. 500 மில்லியைத் தொட்டாலே பிபிஎச், அதாவது பிரசவத்துக்குப் பிந்தைய அதிக ரத்தப்போக்கு, என்று புத்தகத்தில் படித்தது அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும். ரத்தசோகையோடு வரும் தாய்க்கு அந்த 500 வரை காத்திருக்கவும் கூடாது.

இது விளையாட்டுப் பயிற்சி இல்லை என்று பிரின்ஸ்பாலிடம் சொல்ல ஓர் ஆதாரம் வேண்டுமென்றால், 2023-ல் வெளியான இ-மோட்டிவ் ஆய்வைச் சொல்லுங்கள். கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியாவில் சுமார் 80 மருத்துவமனைகளில், இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பிரசவங்களில் நடந்தது. வழக்கம்போல் கவனித்த இடங்களில் பிபிஎச்சில் பாதியளவுதான் கண்டுபிடிக்கப்பட்டது. அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பை வைத்து அளந்த இடங்களில் 93 சதவீதம். கண்டுபிடித்ததும் கர்ப்பப்பை மசாஜ், கர்ப்பப்பையைச் சுருக்கும் ஆக்ஸிடோசின், உறைந்த ரத்தம் கரையாமல் தடுக்கும் டிரானெக்சாமிக் ஆசிட், டிரிப், எங்கிருந்து ரத்தம் வருகிறது என்ற பரிசோதனை எல்லாவற்றையும் ஒரே வீச்சில் செய்தார்கள். ஒன்று கொடுத்துப் பார்ப்போம், கேட்கவில்லை என்றால் அடுத்தது என்று காத்திருக்கவில்லை. கடும் ரத்தப்போக்கு, அதனால் வயிற்றைத் திறக்கும் ஆபரேஷன், மரணம் மூன்றும் சேர்த்து 60 சதவீதம் குறைந்தது.

ஒரே வீச்சில் என்றால் நாலு ஜோடிக் கைகள் வேண்டும். யார் வயிற்றில் கை வைப்பது, யார் வென்ஃப்ளான் (மருந்து ஏற்ற ரத்தக்குழாயில் செருகும் ஊசிக்குழாய்) போடுவது, யார் மருந்து எடுப்பது, யார் நேரம் எழுதுவது என்று பிரித்துக் கொடுத்து, வாரம் ஒருமுறை பத்தே நிமிடம் நடத்துங்கள். வருடத்துக்கு ஒருமுறை முழு நாள் ஒர்க்‌ஷாப் வைத்து, சாப்பாடு போட்டு, போட்டோ எடுத்து அனுப்புவதைவிட இது எவ்வளவோ மேல்.

கர்ப்பகால பிரஷரால் வரும் வலிப்புக்கும் இதே கதைதான். அதற்கான மருந்து மெக்னீசியம் சல்பேட், முதல் டோஸ் இரண்டு பக்கப் பிட்டத்திலும் ஐந்தைந்து கிராம் என்று எல்லோரும் சொல்லிவிடுவார்கள். ஒரு ஆம்பூலில் ஒரு கிராம்தான் இருக்கிறது என்றால், பத்து ஆம்பூல் உடைக்க வேண்டும். எதிரில் ஒரு பெண் வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருக்கும்போது கை நடுங்காமல் பத்துக் கண்ணாடி உடைத்துப் பாருங்கள், தெரியும். டிஸ்டில்டு வாட்டர் ஆம்பூல் வாங்கிக் கொடுத்து இரண்டு பேராக உடைத்து ஏற்றச் சொல்லி, கடிகாரம் பிடியுங்கள்.

இனி ஐசியூ. போஸ்டிங் கேளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் வென்டிலேட்டர் திரையை வேடிக்கை பார்க்க ஒரு வாரம் எதற்கு? மெக்னீசியம் போட்ட தாயின் பக்கத்தில் உட்கார்ந்து மணிக்கொரு தரம் முழங்காலைத் தட்டி, கால் துள்ளுகிறதா என்று பார்க்கட்டும். மூச்சு நிமிடத்துக்கு 16-க்குக் குறையவில்லையா, சிறுநீர் மணிக்கு 30 மில்லியாவது வருகிறதா என்று எழுதட்டும். மெக்னீசியம் மிஞ்சிப்போனால் கொடுக்கும் மாற்று மருந்தான கேல்சியம் குளுக்கோனேட் எங்கே இருக்கிறது என்று கேட்டால் திரும்பிப் பார்க்காமல் கை காட்ட வேண்டும். மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணச் சொல்லுங்கள். பல வார்டு சார்ட்டுகளில் எல்லா நோயாளிக்கும் ஒரே மூச்சு எண் வரிசையாக இருப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

பிரஷர் நார்மல் என்று நிம்மதி அடைவதையும் அங்கேயே உடைத்துவிடுங்கள். இளம் தாய்க்கு ரத்தம் நிறையப் போன பிறகுதான் பிரஷர் இறங்கும். முதலில் ஏறுவது பல்ஸ். மேல் பிரஷர் எண்ணைப் பல்ஸ் எட்டிப் பிடித்தால் ஷாக் வந்துவிட்டது என்றே எடுத்துக்கொண்டு ஓட வேண்டும்.

உங்கள் மாணவிகளில் பலர் நாளை அஞ்செட்டி, சித்தேரி, பென்னாகரம் பக்கம் ஏதோ ஒரு பிஎச்சியில் (ஆரம்ப சுகாதார நிலையத்தில்) இரவு டியூட்டியில் தனியாக இருப்பார்கள். அங்கிருந்து தர்மபுரிக்கோ கிருஷ்ணகிரிக்கோ 108 வந்து சேரும்வரை அந்தத் தாய் இவர்கள் கையில்தான். அதனால் வண்டிக்குள் செய்வதையும் சொல்லிக்கொடுங்கள். கிளம்பும் முன் கத்தீட்டர் (சிறுநீர்க் குழாய்) போட்டு மூத்திரப்பையைக் காலி செய்வது, வளைவுகளில் வண்டி ஆடும்போதும் கர்ப்பப்பை மேலிருந்து கையை எடுக்காமல் இருப்பது, போகும் மருத்துவமனைக்கு முன்கூட்டியே போன் செய்து ரத்த குரூப்பைச் சொல்வது. வங்கதேச மருத்துவர் சயீபா அக்தர் 2003-ல் எழுதிய ஆணுறை பலூன் முறையும் மலைப்பக்கத்துக்கு ஏற்றது. கத்தீட்டர் முனையில் ஆணுறையைக் கட்டி, கர்ப்பப்பைக்குள் வைத்து, சலைன் ஏற்றி, உள்ளிருந்தே அழுத்துவது. வைப்பது பயிற்சி பெற்றவர் வேலை. கட்டித் தயாராக நீட்டுவதை மாணவி செய்யலாம். ஒரு பிளாஸ்டிக் பாட்டிலுக்குள் பலூனை ஊதவைத்துப் பழகலாம்.

கடைசியாக ஒன்று. வார்டுக்குள் ஒத்திகை வைக்க இன்சார்ஜ் சிஸ்டரிடம் முன்கூட்டியே பேசுங்கள், கூட்டம் குறைவான நேரமாகப் பார்த்துக் கேளுங்கள். "எங்க பிள்ளைங்களுக்கு நீங்களே சொல்லிக்கொடுங்க" என்று கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார். ஆக்ஸிடோசின் வைத்திருக்கும் ஃபிரிட்ஜ் சாவி இரவில் யாரிடம், ஆக்ஸிஜன் சிலிண்டரைத் திறக்கும் ஸ்பேனர் எங்கே, குழந்தைக்கு மூச்சு கொடுக்க அழுத்தும் ஆம்பு பேக்கின் சின்ன மாஸ்க் எந்த டிராயரில் என்று மாணவிகளைத் தேடச் சொல்லுங்கள். அந்த ஒத்திகைக்கு வார்டு ஆயாம்மாவையும் கூப்பிட மறக்காதீர்கள். ஸ்பேனர் இருக்குமிடம் அவருக்குத்தான் தெரியும்.